குனியாமல் நடும் பாத்தி

கலைமதியின் அம்மாவுக்கு,

இது என் கையெழுத்துதான். முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்ட பிறகு எழுதும் முதல் கடிதம்.

"முழங்கால் ஆபரேஷன் பண்ண அம்மா இனிமே குனியக்கூடாது, திருச்சியில என்கூடவே இருக்கட்டும்" என்று நம் மகள் போனில் சொன்னாள். மறுநாளே வேலையைத் தொடங்கினேன். கொல்லையில் கல் அடுக்கி, இடுப்பு உயரத்துக்குத் தக்காளிப் பாத்தி கட்டிவிட்டேன். உள்ளே கண்மாய் வண்டலும் மக்கிய ஆட்டுப் புழுக்கையும் கலந்து நிரப்பினேன். மண் கையில் பொலபொலவென்று உதிர்கிறது.

"என்ன மாமா, தக்காளிக்குக் கட்டில் போடுறீங்களா?" என்று பக்கத்து வீட்டு இருளாயி சிரித்தாள்.

"ஒங்க அக்காவுக்குத்தான்" என்றேன்.

நாற்று தயார். இன்னும் நடவில்லை.

கடிதத்தை மகளே உனக்குப் படித்துக் காட்டட்டும். நின்றபடியே நடலாம், குனியவே வேண்டாம். இந்த வரியை மட்டும் அவளை இரண்டு தடவை படிக்கச் சொல்.

உன் வீட்டுக்காரன்