ராசாத்தியை வெளியே கொண்டுபோகிறேன்

இன்று காலை உறைந்த எலியொன்றை இளஞ்சூட்டு நீரில் போட்டேன். இளகத் தொடங்கியதும் ஈரச் சாக்கு வாடை குசினியெல்லாம் பரவியது. உன் வீட்டுக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அதே வாடை. "கொதிதண்ணி ஊத்தாதையடி, அவிஞ்சிடும்" என்று நீ பின்னால் நின்று ஏசுவதுபோல் இருந்தது. திரும்பினால் என் மனுசன் நிற்கிறார். குளிர்ப்பெட்டியில் சீலா மீனுக்குப் பக்கத்தில் எலி வைக்கிற வீட்டில் இனித் தான் சாப்பிடுவதில்லை என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

எலி உன் ராசாத்திக்கு. இங்கே ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் நாம் இருந்த மாடிக் கட்டடத்தின் குப்பை அறையில், வீடு மாறிப்போன யாரோ கண்ணாடித் தொட்டியோடு விட்டுப்போன பாம்பு. நஞ்சில்லாத, சின்னச் சாதி மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். சனமெல்லாம் நடைபாதையில் நின்று அலற, நீ தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் ஏறினாய். உன்னோடு ஒருவரும் ஏறவில்லை, நான் உட்பட.

அதன்பின் கோடைகாலச் சனிக்கிழமை வந்தால் உன்னைப் பிடிக்க முடியாது. தலையணை உறைக்குள் ராசாத்தி, தோளில் பை, ஸ்காபரோவில் எந்தப் பூங்காவில் நம் சனம் கூடுகிறதோ அங்கே நீ. இரை தின்ற பாம்பை இரண்டு நாளாவது தூக்கக்கூடாது என்பதற்காகச் செவ்வாயிலேயே தீனி போட்டுவிடுவாய். பார்க்க வருகிறவர்களை முதலில் கை கழுவச் சொல்வாய். தலைப்பக்கம் போகாமல் நடு உடம்பில் புறங்கையை வைக்கச் சொல்வாய். "பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லமாட்டன். பயப்பிடுங்கோ, ஆனா ஓடாதேங்கோ. நிண்டு பாருங்கோ." எல்லாரிடமும் இதையே சொன்னாய். கழுத்தில் போட்டுப் படம் எடுக்கலாமா என்று கேட்ட பெடியனிடம், "ஏன், உது என்ன பூமாலையோ?" என்றாய்.

கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு அன்ரி, ராசாத்தியைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எதிர்ப் பிளாசாக் கடைக்கு ஓடிப்போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தாரே, நினைவிருக்கிறதா? கடதாசிக் கோப்பையில் ஊற்றிப் பாம்பின் முன்னால் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். பாம்புக்குப் பால் ஆகாது என்று விளக்கப் போனால் அவருடைய மனம் நோகும். நீ கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டாய். கண் திறந்த அன்ரி வெறும் கோப்பையைப் பார்த்து அழுதுவிட்டார். அன்று பேருந்தில் நாம் சிரித்த சிரிப்புக்குச் சாரதி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

உனக்குக் கொஞ்சம் விசர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது உன் பொழுதுபோக்கு, தனியாகப் பிள்ளை வளர்த்த களைப்புக்கு ஒரு விளையாட்டு, அவ்வளவுதான் என்று.

பிறகு அந்தத் தொப்பி போட்ட ஐயா வந்தார். தூரத்தில் நின்றே கத்தினார்.

"பிள்ளை, உதைக் கொண்டுபோ! அடிச்சுக் கொல்லவேண்டியதைக் கொண்டு திரியிறாய்!"

நீ கோபப்படவில்லை. "ஐயா எவ்விடம்?" என்று கேட்டாய். வன்னியில் போரின் கடைசிவரை இருந்ததாகச் சொன்னார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும். ஷெல்லுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள்ளை இருக்கேக்கை பாம்பு வந்தால் என்ன செய்வியள்?"

"வெளியிலை ஓடுவம். வேறை என்ன செய்யிறது?"

"என்ரை தம்பியும் ஓடினவன்," என்றாய்.

ராசாத்தியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாய். "நான் கத்தினனான், இரடா, இரடா எண்டு. கேக்கேல்லை. மேலை ஏறினதும் ஷெல் விழுந்தது. பாம்பு எங்கடை காலுக்குள்ளைதான் கிடந்தது, ஒருத்தரையும் கடிக்கேல்லை. அது சாரை, ஐயா. கடிச்சிருந்தாலும் செத்திருக்கமாட்டான்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார். புறங்கையை வைத்துவிட்டு, "குளிருது" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். எத்தனை வருடம் உன்னோடு ஒரே பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்தவள் நான். என்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டாயே என்று கோபம் வந்தது. அதன் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பனிக்காலத்தில் உனக்கு வயிற்றில் புற்று என்றார்கள். பனி கரைய முன் நீ இல்லை. ஆஸ்பத்திரியில் உன் கை எலும்பாகக் கிடந்தது. "ராசாத்தியை வெளியிலை கொண்டுபோ. வீட்டுக்குள்ளை வைச்சிருந்தால் அது வெறும் பாம்பு" என்றாய். நான் தலையை ஆட்டினேன். செத்துக்கொண்டிருப்பவளிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அன்று உன் மகள், "அன்ரி, ஐ கான்ட் டூ திஸ். ராசாத்தியை அனிமல் ஷெல்டருக்குக் குடுத்துடுவம், ஓகே?" என்று அழுதாள். "நான் வைச்சிருக்கிறன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. எனக்குப் பாம்பு பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது.

ஆனாலும் போன சனிக்கிழமை கொண்டுபோனேன். பூங்காவில் நின்று உன் வார்த்தைகளைத்தான் சொன்னேன். ஒரு தாயும் மகளும் தொட்டார்கள். கிரிக்கெட் விளையாடிக் களைத்த பெடியன்கள் வரிசையில் நின்று தொட்டார்கள். ஒருவரும் ஓடவில்லை. சந்தோசப்பட்டிருக்க வேண்டும். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு குமுறி அழுதேன். இத்தனை பேர் நின்றார்களே, உன் தம்பி ஒருவன் நின்றிருக்கக் கூடாதா!

அந்த அழுகையோடுதான் உன் மகளுக்குப் போன் அடித்தேன். உன் தம்பியை, அவளுடைய மாமாவை, நினைத்து ஒரு விளக்குக் கொளுத்தச் சொன்னேன். அவள், "அம்மாவுக்குத் தம்பி இருந்தவரோ?" என்று கேட்டாள். நீ அவளிடமும் சொல்லவில்லை. நான் அறிந்த கொஞ்சத்தைச் சொன்னேன். "அவருக்கு என்ன பேர், அன்ரி?"

எனக்குத் தெரியாது. உன் வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூட இல்லை. அவனை அறிந்தவர்கள் எவரையும் எனக்குத் தெரியாது. வருகிற சனிக்கிழமையும் போகத்தான் போகிறேன். பாம்பைத் தொட வருகிறவர்கள் முதலில் அதன் பெயரைத்தான் கேட்கிறார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். கூடவே நான் கொண்டுதிரிகிற உன் தம்பிக்கு எந்தப் பெயரைச் சொல்ல?