நீலப் பெட்டியும் இரண்டு தலையணைகளும்

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பெயர் சொல்லாமல் "ஏத்தா" என்றே என்னைக் கூப்பிட்ட என் அத்தைக்கு,

கவுஞ்சியில் பூண்டு எடுத்தாயிற்று. உங்கள் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளை உங்கள் மகன் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முதல் வருடத் திதி. அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

நாம் இரண்டு பேரும் அவரைப் பார்க்கச் சிங்கப்பூர் போனோமே, அந்தப் பத்து நாள். அவருக்குப் பகல் முழுக்க வேலை. ஊர் சுற்றுவது உங்களுக்கும் எனக்கும்தான். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே நான் நோட்டுப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொடைக்கானல் லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறவள் நான். டாக்ஸிக்குக் கொடுத்தே பர்ஸைக் காலி செய்துவிட்டு, கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்கு யோசிக்கிற டூரிஸ்ட்டுகளைத் தினமும் பார்க்கிறேன். அவர்களைப் போல ஏமாளியாக இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

அதனால் ஒரு சட்டம் போட்டேன். கையில் பெட்டி இருந்தால் டாக்ஸி. அதாவது ஏர்போர்ட்டுக்குப் போக ஒன்று, வர ஒன்று. மற்றதெல்லாம் பஸ், ரயில். ஆளுக்கொரு ரயில் கார்டு வாங்கி, வாசலில் தட்டிக்கொண்டே போய்விடலாம். நாயுடுபுரத்தில் நம் வீட்டு அடுப்படியில் வைத்து இதை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்ல ரோசனைதான் ஆத்தா" என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே நாம் தங்கிய அறையிலிருந்து ஸ்டேஷனுக்குக் கால் மணி நேர நடை. முதல் நாளே நீங்கள் பாதியில் நின்று ஒரு கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே என்ன இருந்தது? வெறும் பிளம்பிங் குழாய். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. "மலைக்காரிக்குச் சமதரை ஒரு நடையா அத்தை?" என்று கேட்டேன். பெருமையாகத்தான் கேட்டேன், சத்தியமாக. பூண்டு மூட்டையைத் தலையில் வைத்துப் படிக்கட்டு வயல் ஏறுகிறவர் நீங்கள். அப்படிக் கேட்டபிறகு உங்களால் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

நான்காம் நாள் காலை பூந்தோட்டம் பார்க்கக் கிளம்பினோம். நான் செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பினால், நீங்கள் நீலப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து நிற்கிறீர்கள்.

"பெட்டி எதுக்குத்தை?"

"பெட்டி இருந்தா டாக்ஸின்னு நீதானத்தா சொன்ன."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "வெளையாடாதீங்கத்தை, வெரசா வாங்க. நேரமாச்சு" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு என் பின்னால் நடந்து வந்தீர்கள். ரயில் மாறும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "நீ போய்க்கிட்டே இரு, நான் வேடிக்கை பாத்துட்டு வாரேன்" என்றீர்கள். நான் போய்க்கொண்டே இருந்தேன் அத்தை.

சாயங்காலம் வந்து படுக்கப் போனால் கட்டிலில் தலையணையைக் காணோம். இரண்டும் பெட்டிக்குள் இருந்தன. "வெறும் பெட்டின்னா டாக்ஸிக்காரரு என்ன நெனைப்பாரு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அதற்கும் சிரித்தேன்.

ஊர் திரும்பி மூன்றே மாதம். பூண்டு வயலில் மேல் படி ஏறும்போது விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் கூப்பிட்டார். "இது இன்னைக்கு வந்ததில்லம்மா. அஞ்சாறு மாசமாவே கொஞ்சம் நடந்தாலும் மூச்சு முட்டியிருக்கும். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலை சார்" என்றேன்.

பொய் அத்தை. நீங்கள் சொன்னீர்கள். வாயைத் திறந்து கேட்டால் மருமகள் போட்ட திட்டம் கெட்டுவிடுமே என்று, ஒரு பெட்டியில் தலையணையை அடைத்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். மகளாக இருந்திருந்தால் "காலு நடக்க மாட்டேங்குதுடி" என்று வெடுக்கென்று சொல்லியிருப்பீர்களா? என்னிடம் ஏன் சொல்ல முடியாமல் போனது? ஒரு டாக்ஸி, ஒரே ஒரு டாக்ஸி. அன்றைக்கு அதில் ஏற்றியிருந்தால், ஏன் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்து கேட்டிருப்பேனோ என்னவோ.

உங்கள் மகனுக்கு இது தெரியாது. போனில் பேசும்போதெல்லாம், "எங்கம்மா சாகுறதுக்கு முன்னாடி ஒரு ஊரைப் பாத்துருச்சு. எல்லாம் உன்னாலதான்" என்கிறார். சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறார். அவர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு வருடமாக அந்த நன்றியை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ரயில் கார்டு இன்னும் என் பர்ஸில்தான் கிடக்கிறது. அதில் பணம் மிச்சம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நாளை வெள்ளனே டாக்ஸி பிடித்து மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகிறேன். நீலப் பெட்டியையும் கொண்டுபோகிறேன். உள்ளே இரண்டு தலையணைகளை இப்போதுதான் வைத்துப் பூட்டினேன். கூப்பிட வருகிறவள் பெட்டியோடு நின்றால் அவர் சும்மா இருக்க மாட்டார். "பெட்டி எதுக்கு?" என்று கேட்பார்.

நான் சிரிக்க மாட்டேன் அத்தை. மலை ஏறி வீடு வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவேன்.

நீங்கள் கேட்டும் காதில் வாங்காத,
உங்கள் மருமகள்