தண்ணீர் செய்த கல்

என் பிரியமுள்ள டிரெசருக்கு,

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டிய உங்களை ஊரே டிரெசர் என்று அழைத்தது. முப்பது ஆண்டுக்கு மேல் உடன் வாழ்ந்த நானும் அப்படித்தான் அழைத்தேன். இனி வேறு எப்படி அழைப்பேன்?

இந்த மலாய்ச் சீமையில், நம் தெப்ராவ் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உங்கள் சட்டைகளைத் தோட்டத்தாருக்குக் கொடுத்துவிட்டேன், அறுந்த பொத்தான்களைத் தைத்த பிறகு. மூக்குக்கண்ணாடியை மட்டும் கொடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடச் சொல்லி அனுப்புகிறேன். உங்கள் கல்லறைப் பளிங்கில் 'கோயமுத்தூரில் பிறந்தவர்' என்று வெட்டியிருக்கிறது. வெட்டச் சொன்னவள் நான். அது பொய். கலியாணத்தன்று என் உறவினர்களிடம் அதை முதலில் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள், மறுக்கவில்லை. பலர் கேட்கச் சொன்னதைப் பலர் கேட்கவே திருத்த வேண்டும் என்றுதான் கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

நீங்கள் நீலகிரிச் சரிவில் ஒரு மலைக்குடியில் பிறந்தவர்; அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே உங்கள் குடிக்கு ஒரு கல்வீடு உண்டு. மூன்று பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். யாராவது இறந்தால் அவருக்காகச் சிறு கல் ஒன்றை உள்ளே வைத்து எண்ணெய் தடவுவார்கள். அது வைக்கப்படும் வரை செத்தவர் வெளியே நிற்கிறார் என்பது உங்கள் மக்களின் எண்ணம். மணமான புதிதில் இதைச் சொன்னீர்கள். "பெயர் எழுதாத கல்லில் யார் யாரென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "வச்சவங்களுக்குத் தெரியும்" என்றீர்கள். இந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்றேன். அதன்பின் நீங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

படுக்கையில் விழுந்தபோதுதான் மறுபடி பேசினீர்கள். "ரோஸ், எங்க அக்காவுக்கு ஒரு கல்லு அனுப்பிடு. அம்மா பக்கத்துல வைக்கணும்." வேறு எதையாவது என்னிடம் நீங்கள் கேட்டதுண்டா?

அனுப்பினேன். ஆனால் என் முறைப்படி அனுப்பினேன். உங்கள் கல்லறையைச் செய்த சீனக் கல்தச்சரிடம் மீந்த பளிங்குத் துண்டு ஒன்றைச் சதுரமாக வெட்டி, மெருகேற்றி, உங்கள் பெயரைப் பொறிக்கச் சொன்னேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. அக்கா சொல்லச் சொல்ல அங்குள்ள மிஷன் வாத்தியார் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருந்தார்:

"அம்மிணி, நீ அனுப்பிச்ச கல்லு பாக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா உளி பட்ட கல்லு உள்ள போகாது. தண்ணி செஞ்ச கல்லுதான் போகும். என் தம்பி அந்தச் சீமையில எந்தத் தண்ணியில முங்கி எந்திரிச்சான்? அதுல இருந்து எடுத்து அனுப்பு. அதுவரைக்கும் அவன் வெளியிலதான் நிக்கிறான். உன் கல்லைப் பேர் இருக்கற பக்கம் கீழ போட்டு மருந்து அரைக்க வெச்சுக்கிட்டேன். நல்லா அரைக்குது."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கடிதத்தைத் தொடவில்லை. பிறகு அந்தக் கேள்வி உறுத்தத் தொடங்கியது. எந்தத் தண்ணீர்? உங்களுக்குத் தினமும் வெந்நீர் வைத்தவள் நான். வேறு தண்ணீர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வண்டி ஓட்டிய அந்தோணியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அலமாக், ஐயோ டிரெசரம்மா! உங்களுக்குத் தெரியாதா? கோத்தா திங்கிப் பக்கம் தோட்டத்துக்குப் போனா, அருவியில எறங்காம ஐயா திரும்பினதே இல்ல. 'வீட்டுல சொல்லிடாதே, சளி பிடிக்கும்னு திட்டு விழும்'னு சொல்வாங்க. தலைய நல்லாத் தொவட்டிட்டுத்தான் வண்டியில ஏறுவாங்க."

எத்தனை வருடம் தலை துவட்டிக்கொண்டு வந்தீர்கள்? நான் ஒருமுறையாவது கவனித்தேனா?

அவனையே அழைத்துக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினேன். அப்படிக் குளிரும் என்று நினைக்கவில்லை. உங்கள் மலைத் தண்ணீர் இப்படித்தான் இருந்திருக்குமோ? ஒரு கல்லை எடுத்தேன், ஒரு பக்கம் கரடு. இன்னொன்றில் விரிசல். அடுத்தது கோணல்.

"டிரெசரம்மா, கல்லுக்கும் பரீட்சை வைக்கிறீங்களா? ஒண்ணாவது பாஸாகட்டும், மழை வருது."

"நீ குடையைப் பிடி, போதும்" என்றேன்.

கடைசியில் உள்ளங்கை நீளத்தில் ஒன்று கிடைத்தது. சாம்பல் நிறம், நடுவில் லேசான வளைவு. குறை சொல்ல அதிலும் இருந்தது. ஆனால் கையில் பிடித்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. துணியில் சுற்றி, கோயமுத்தூருக்குப் போகக் கப்பலேறிய ஒரு குடும்பத்திடம் கொடுத்து அனுப்பினேன். பங்குச் சாமியாரிடமும் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்.

போன வாரம் வாத்தியார் எழுதியிருக்கிறார். உங்களை உள்ளே வைத்துவிட்டார்கள். உங்கள் அம்மாவின் கல்லை ஒட்டி, அக்கா தன் கையால் எண்ணெய் தடவி வைத்திருக்கிறார். கல்லைப் புரட்டிப் பார்த்து, "இது நல்ல தண்ணி" என்றாராம்.

இங்கே மீதமிருப்பது கல்லறைப் பளிங்கு. கல்தச்சரைப் பார்த்தேன். பழைய வரியைத் தேய்த்து எடுத்தால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும், அழகு கெட்டுவிடும் என்று அவர் மலாய் மொழியில் சொன்னார். நான் எப்படிப்பட்டவள் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் எச்சரித்தார்.

தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன். வரும் கல்லறைத் திருநாளுக்கு முன் அந்தப் பள்ளத்தில் 'நீலகிரி மலையில் பிறந்தவர்' என்று இருக்கும். அவர் வெட்டி முடிக்கும் வரை நான் பக்கத்திலேயே நிற்பேன். யாராவது அந்தப் பள்ளம் ஏன் என்று கேட்டால், நானே பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும், மலையிலிருக்கும் அக்காவுக்குத் தம்பி பெண்டாட்டியுமான
ரோசம்மாள்