மண்டபத்தில் இன்னும் ஜூன் 30

ஜூன் 27, ஞாயிறு, காலை 6.10

வெளியூர் மண்டபமொன்றில் பேசிவரும் இரு நாட்டு வரி உடன்படிக்கையின் வரைவில் தேதிகளையும் எண்களையும் சரிபார்ப்பது என் பணி. ஓய்வுபெற்ற பின்னும் இதற்கென்று என்னை அழைக்கிறார்கள். நேற்று ஒரு பக்கத்தில் பிப்ரவரிக்கு முப்பது நாள்! தனியே சிரித்தேன்.

மனைவி தொலைபேசியில், “கல்யாண நாளுக்கு வந்துடுவீங்கல்ல? ரெண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை.”

இது நாற்பதாவது. முந்தைய முப்பத்தொன்பதில் இருபத்திரண்டுக்கு நான் வீட்டில் இல்லை. “முப்பதாம் தேதி மாலை ஐந்துடன் எல்லாம் முடிகிறது” என்றேன்.

“எழுதி வச்சுக்கறேன்” என்றாள்.

ஜூன் 29, செவ்வாய்

மிதிவண்டி மணிக்கு இறக்குமதி வரி நாங்கள் ஐந்து சதவீதம் என்கிறோம், அவர்கள் எட்டு. மாதிரிக்கு வைத்த மணியை மறுதரப்புத் தலைவி அடித்துத்தான் எங்களை அமர்த்துகிறார். கிணிங்!

ஜூன் 30, புதன்

அவர்களுடைய நாடாளுமன்றம் கையெழுத்திட அளித்த அதிகாரம் இன்று மாலை ஐந்து வரைதான். 4.52 ஆகியும் மிதிவண்டி மணியின் வரி எட்டு சதவீதத்திலிருந்து இறங்கவில்லை. மூன்றாண்டுப் பேச்சு வீணாகுமோ என்று பதறினேன். தலைவியோ, “எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க” என்றார். வந்தவர் ஏணி போட்டுச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை உருவிவிட்டார்.

“கடிகாரம் நின்னா நாளும் நின்னுடும். நம்ம தொழில்ல பழைய வழக்கம்” என்றார் எங்கள் தலைவர்.

“அப்படியானால் நாளை?”

“நாளைக்கும் முப்பதுதான், காலண்டர் சார்!”

இது நாகரிகமா?

ஜூலை 1, வியாழன் (மண்டபத்தில் ஜூன் 30)

வருகைப் பதிவேட்டில் ஜூலை 1 என்று எழுதினேன். திருப்பி அனுப்பினார்கள். மீண்டும் அதையே எழுதினேன். மறுதரப்புத் தலைவி எட்டிப் பார்த்து, “உங்க மனசாட்சிக்கு எத்தனை சதவீதம் வரி, சார்?” என்றார். அறை முழுதும் சிரிப்பு. எழுதினேன், ஜூன் 30 என்று. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஒரு நாள் இளையவனாவது சாமானியமா?

ஜூலை 2, வெள்ளி

ஐயோ.

“இன்னைக்கு என்ன தேதின்னு ஞாபகம் இருக்கா?” என்றாள் மனைவி. நாக்கு பழகிவிட்டது. “ஜூன் முப்பது” என்றேன்! சட்டென்று போனை வைத்துவிட்டாள். அதன்பின் ஏழு முறை அழைத்தேன். எடுக்கவே இல்லை. தேதி தப்பாத மனுஷன்னு பேரு வாங்கி என்னடா பிரயோஜனம்?

நடைக்கூடத்தில் மறுதரப்புத் தலைவி விசாரித்தார். சொன்னேன்.

“இருபத்திரண்டு தடவையா? இன்னைக்கு இருபத்துமூணா?” தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே போய் மணியை அடித்தார். “ஆறரை சதவீதம். அதுக்குக் கீழ ஒரு துளிகூட இறங்க மாட்டேன். இவர் சம்சாரத்துக்காக இறங்கறேன்.”

“சரி!” என்று எங்கள் தலைவர் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார்.

ஜூலை 4, ஞாயிறு

இரண்டு நாளில் சுத்தப் பிரதி தயாராகிக் கையெழுத்தாயிற்று. தேதி: ஜூன் 30. நானே சரிபார்த்தேன், பிழையில்லை! தலைவி அந்த மணியை என் பையில் போட்டு, “வீட்டுக்குப் போனதும் இதை அடிங்க. அடி விழாது” என்றார். மனைவி இன்னும் பேசவில்லை.

ஜூலை 5, திங்கள், பிற்பகல் 3.20

வாசலில் மணியை அடித்தேன். கதவு திறந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

“என்னங்க, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க? நாளைக்குத்தானே ரெண்டாம் தேதி?”

கூடத்துக் கடிகாரம் நின்றிருந்தது. நாட்காட்டியில் ஜூலை ஒன்று. அவள் உள்ளங்கையை விரித்தாள்: பேட்டரி.

“உங்க தலைவர் வீட்டம்மாகிட்ட போன் போட்டுக் கேட்டேன். உங்க ஆபீசுக்கு மட்டும்தான் நிக்குமா நாளு?”

சிரித்துச் சிரித்துப் புரையேறிற்று இருவருக்கும்.

ஜூலை 2, வெள்ளி

நாற்பதாம் ஆண்டு நிறைவு. உரிய நாளில் வீட்டில் இருந்தேன்.