பெயர் வெட்டிய டம்ளர்

சேசு மரி சூசை
சூரமங்கலம், 6-5-1938

அன்புள்ள வசந்தாமணிக்கு,

நலம். மோகனூர் தோட்டத்தில் உங்கள் வீட்டில் இருந்த பகலை அப்பாவிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன். நீ எனக்கு மோர் கொடுத்த அந்தத் திராட்சைக்கொடி போட்ட கண்ணாடி டம்ளரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். துரை பங்களாவில் முப்பது வருஷம் பட்லராக அப்படிப்பட்டவற்றைத் துடைத்தவர், ஒன்றிலும் குடித்ததில்லை.

"கொடி நகத்துல தட்டுப்பட்டுச்சா? அப்ப சக்கரத்துல வெச்சு வெட்டினதும்மா."

ஒரு சுருள் மட்டும் கோடு தாண்டி ஓடியிருந்தது, வெட்டியவன் கை நழுவியிருக்கும் என்றேன். நான் பி.ஏ. பாஸ் செய்ததைவிட இதற்குச் சந்தோஷப்பட்டார். "தொரைக்கு வெக்கறத எம் மவளுக்கு வெச்சிருக்காங்க!"

அவரிடம் சொல்லாதது ஒன்று. மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தேனே, அப்போது உங்கள் வேலைக்காரி ராமாயி அந்த டம்ளரை வாசல் தொட்டியில் கழுவி, வெளி அலமாரியில் வைத்தாள். உள்ளே கொண்டு போகவில்லையா என்றேன்.

"அது ஊட்டுக்குள்ள போகாதுங்க சாமி. தாசில்தாரு, தொரைமாரு, உங்களாட்ட வாரவங்களுக்குங்க."

நீங்களெல்லாம் பித்தளையில் குடித்தீர்கள். விடுதியில் மூன்று வருஷம் ஒரே கூஜாவில் குடித்தோமே, வசந்தா.

மரியபுஷ்பம்

உ
மோகனூர், 11-5-1938

பிரியமுள்ள புஷ்பத்துக்கு,

நீ பார்த்தது நிஜம். பித்தளை வீட்டாருக்கு, கண்ணாடி வெளியாருக்கு என்பது அம்மாவின் சட்டம். ஏற்காட்டுத் துரை பங்களா ஏலத்தில் தாத்தா அதற்காகத்தான் அவற்றை எடுத்தார். அலமாரியில் சாதாக் கண்ணாடி டம்ளரும் இருந்தது. உனக்கென்று கொடி போட்டதை எடுத்தேன். அழகாக இருந்தால் ஒதுக்கி வைப்பது உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். என் தப்பு அதுதான்.

அம்மாவிடம் பேசினேன். "ரெண்டெழுத்துப் படிச்சுப்போட்டு எங்கிட்டயே நாயம் பேசறயா சாமி?" என்றாள்.

ஆனி பதினைந்தில் எனக்குக் கல்யாணம். வருவாயா?

வசந்தாமணி

சேசு மரி சூசை
சூரமங்கலம், 20-6-1938

அன்புள்ள வசந்தா,

நான் வரவில்லை. கோபமில்லை. பந்தியில் எனக்கு எதில் தண்ணீர் வருகிறதென்று பார்த்துக்கொண்டே இருப்பேன். உன் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

பார்சலில் பித்தளை டம்ளர் ஒன்று வருகிறது. சீர்ப் பாத்திரத்தில் கொடுப்பவர் பெயர் வெட்டுவது வழக்கம்தானே? "இத்தன நீளப் பேரா?" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். உளி நழுவாமல் அப்பா பக்கத்திலேயே நின்றார்.

புது வீட்டில் இதை எங்கே வைக்கிறாய் என்று மட்டும் எழுது.

புஷ்பம்

உ
பள்ளிபாளையம், 28-8-1938

அன்புள்ள புஷ்பம்,

இரண்டு மாதம் டம்ளர் என் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பயம். நேற்றுத்தான் எடுத்துச் சமையலறைத் தண்ணீர்க்குடத்தின் மேல் வைத்தேன்.

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தை விரலால் தடவி, "ஆரு பேரு சாமி இது?" என்றார்.

சொன்னேன். கோயிலுக்கல்ல, மாதா கோயிலுக்குப் போகிறவள், பட்லர் மகள், என் சிநேகிதி, எல்லாம் சொன்னேன். அவர் மறுபடியும் தடவினார்.

"நல்லா ஆழமா வெட்டியிருக்கறான். தேயாது."

அதிலேயே தண்ணீர் மோந்து குடித்தார். குடத்தின் மேலேயே கவிழ்த்து வைத்தார்.

இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறது.

உன் வசந்தா