கடைசிப் பக்கத்துப் பென்சில்

மே 12, திங்கள்

கத்திரி வெயில். அரிமளத்தில் ஏறிய மினி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது அம்மா மறுபடி அதே கேள்வி, "அங்க போயி அப்படி என்னதான்டி செய்யிற?" மறுபடி அதே பதில். ஒரு வியாபாரக் குடும்பம் ஊருக்காக நடத்திய வாசகசாலை. அவர்கள் சென்னைக்குப் போனபின் பூட்டிக் கிடந்தது. ஒரு அறக்கட்டளை அந்தப் புத்தகங்களைத் தூசி தட்டி, ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் விவரம் பதிகிறது. அதில் எனக்கு இரண்டு மாதப் பயிற்சி. "சர்டிபிகேட் தருவாங்கள்ல?" என்றாள். தருவார்கள்.

இன்று பதிந்தது 22. நிஷாந்த் 15. அவன் தஞ்சாவூரில் நூலகப் படிப்பு படிக்கிறவன். நான் இன்ஜினியரிங் மூன்றாவது செமஸ்டரில் ஓடிவந்தவள்.

"ட்ராப்-அவுட் மேடம், மெதுவாத் தேயிங்க. பேப்பர் கிழியப் போவுது."

"நீங்க மொதல்ல அந்தப் பதினஞ்ச இருவதாக்குங்க சார்."

சுவரில் எங்கள் மேற்பார்வையாளர் பிரபாகர் சார் ஒட்டியிருக்கும் தாள்:
1. மாஸ்க்.
2. பிரஷ் உள்ளிருந்து வெளியே.
3. பூச்சி கண்டால் தனிப் பெட்டி.
4. பென்சில் கிறுக்கல், ரப்பர்.

நான்காவது எனக்குப் பிடித்த வேலை. இன்று பதினோரு புத்தகத்தின் கடைசிப் பக்கம் பளிச்.

எங்கள் இரண்டு பேரில் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்வார்களாம். சார் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு வேண்டும் அந்த வேலை.

மே 13, செவ்வாய்

காலையில் கரண்ட் இல்லை. ஸ்கேனர் ஓய்வு. சும்மா இருக்க முடியாமல் அடுத்த அடுக்கைப் புரட்டினேன்.

ஒரு மாட்டு வைத்தியப் புத்தகம். கடைசிப் பக்கத்தில் வரிசையாக ஆறு பெயர்கள். பெயர், ஊர், மாதம், தேதி. ஒவ்வொன்றும் வேறு கையெழுத்து. அடுத்த புத்தகத்தில் மூன்று. அதற்கடுத்ததில் ஒன்பது.

கிறுக்கல் இல்லை இது.

வசந்தா அக்கா டீ கொண்டுவந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். காலையில் திறப்பது, பெருக்குவது, சாயங்காலம் பூட்டுவது எல்லாம். கேட்டேன்.

"அதுவா? படிச்சு முடிச்சவுக எழுதுறது. பேனா ஆகாது, பென்சில்தான். பேரு எழுதுனாத்தான் அடுத்த பொஸ்தகம் குடுப்பாக. பாதி படிச்சவன் எழுதக் கூடாது. எழுதுனா நடுவுல ஒரு கேள்வி கேட்டு மானத்த வாங்கிப்புடுவாக."

நான் அந்தக் காலத்தில் இந்த ஊரில் இருந்திருந்தால் எந்தப் புத்தகத்திலும் என் பெயர் இருந்திருக்காது.

"எங்கப்பா பேருகூட இருக்கும்த்தா. சுப்பையா. ஆயில் இன்ஜின் ரிப்பேர் பொஸ்தகம். அஞ்சாப்புதான் படிச்சவரு. அத வச்சே தொழில் பழகுனாரு. கண்ணுல பட்டா எடுத்து வையி. பாக்கணும்."

டீயை வைத்துவிட்டு நேற்றைய அடுக்கைப் பார்த்தேன். ஆயில் இன்ஜின் புத்தகம் நேற்றைய பதினொன்றில் ஏழாவது.

மே 14, புதன்

சாரிடம் போய்ச் சொன்னேன்.

"நான் அழுக்கத்தானே தொடைக்கச் சொன்னேன்?"

"ரப்பர்னு நீங்கதான் சார் எழுதி ஒட்டியிருக்கீங்க. ஆனா தேய்ச்சது நான்தான். அத இல்லைன்னு சொல்லல."

எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலை இறக்கினார். "சரி விடுங்க சுகன்யா. பதினோரு புக்குதான். யாருக்குத் தெரியப் போவுது? நிலைங்கிற கட்டத்துல 'நன்று'ன்னு போடுங்க."

"மிச்சப் புத்தகத்துல இருக்கற பேரையெல்லாம் பதியலாமா?"

"அதுக்கு கட்டமே இல்லையே. சென்னை ஹெட் ஆபீஸ்ல குடுத்த படிவம். மாசக் கடைசிக்குள்ள இன்னும் அறுநூறு முடிக்கணும். ரப்பர் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க."

இன்னமும் ரப்பரா!

வெளியே நிஷாந்த், "வேலை ஒங்களுக்குத்தான்னு ஏறக்குறைய முடிவாயிருச்சு. வாயத் தொறந்து கெடுத்துக்காதீங்க." அக்கறையாகத்தான் சொன்னான். அது இன்னும் எரிச்சல்.

கல்லூரியில் லேப் ரெக்கார்டு ஞாபகம். சீனியர் நோட்டைப் பார்த்து எல்லா ரீடிங்கையும் எழுதுவோம். கருவியைத் தொட்டது கிடையாது. கையெழுத்து மட்டும் வாங்குவோம். கூசாமல் வாங்கினேன் அப்போது. இப்போது முடியாது.

மே 15, வியாழன்

தலைவலி. மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றியது.

ஒரு வழி இருக்கிறது. ஜன்னல் எல்லாம் சாத்தி, போன் டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்து அடித்தால், அழுத்தி எழுதிய இடம் பள்ளமாக நிழல் விழுகிறது. படிக்க முடிகிறது.

பதினொன்றில் இதுவரை:
- ஆறு புத்தகம், பெரும்பாலும் தெரிகிறது
- மூன்று, பாதிப் பாதி
- ஒன்று, சுத்தமாக ஒன்றுமில்லை
- ஆயில் இன்ஜின், எடுக்கவில்லை

பயம். எழுதிவைக்கிறேன், பயம்தான்.

அக்கா இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "கெடச்சுச்சா?" தேடுகிறேன் என்றேன். பொய்.

மே 16, வெள்ளி

சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு. அவர் கையில் துடைப்பம்.

"அக்கா, ஒங்கப்பா பேரு இருந்த பக்கத்த நான் அழிச்சிட்டேன். தெரியாம."

முதலில் புரியவில்லை. "எதுக்கு அழிச்ச?"

"கிறுக்கல்னு நெனச்சேன்."

"பேரு எழுதியிருக்கறத ஒனக்குப் படிக்கத் தெரியாதா? காலேசுக்கெல்லாம் போன புள்ள!" சத்தம் வாசல் வரை. நிஷாந்த் எழுந்து போய்விட்டான். "எங்கப்பா போட்டாகூட எங்ககிட்ட கெடயாது. அவரு கையால எழுதுனது அது ஒண்ணுதான். அதுவும் ஒனக்குக் கிறுக்கலா?"

மன்னிச்சிருங்க, டார்ச் லைட்ட சாச்சு அடிச்சா தெரியலாம் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பதினோரு மணி டீ எனக்கு மட்டும் வரவில்லை. சரிதான்.

மதியம் அவரே வந்தார். "அந்த லைட்ட அடிச்சுக் காட்டு."

ஜன்னல் சாத்தினேன். டார்ச் பிடித்தேன். நான்கு பெயர் இருந்த பக்கம். கருப்பையா, நன்றாகத் தெரிந்தது. அதன் கீழ் யாரோ ஒருவர், ஊர் மட்டும். பிறகு ஒரு தேதி. பிறகு வெறும் தாள்.

இதோ இந்தக் கோடு 'சு' என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். "தெரியலக்கா" என்றேன்.

பக்கத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பா அழுத்தி எழுத மாட்டாரு. பென்சில் தேஞ்சிரும்னு. எங்களையும் அப்படித்தான் வைவாரு. மத்தவுக தெரிவாக. அவரு தெரிய மாட்டாரு."

ஜன்னலை அவரே திறந்துவிட்டுப் போனார்.

மே 17, சனி

ஆயில் இன்ஜின் புத்தகத்துக்குக் குறிப்புக் கட்டத்தில் பதிந்தது, அப்படியே இங்கே:

"கடைசிப் பக்கத்தில் படித்து முடித்த நால்வர் பென்சிலில் பெயர் எழுதியிருந்தனர். சுத்தம் செய்யும்போது பயிற்சியாளர் சுகன்யா அழித்துவிட்டார். சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும் பெயர்: கருப்பையா. தெரியாத பெயர்: சுப்பையா. இவர் இந்தப் புத்தகத்தைப் படித்து முடித்ததைச் சொன்னவர் அவர் மகள் வசந்தா. நிலை: சேதம்."

மீதிப் பத்துக்கும் இதே மாதிரி. சார் பின்னால் நின்று படித்தார்.

"சேதமா? அதுவும் பேரோட? இத சென்னைல பாத்தா என்னையத்தான கேப்பாங்க? அழிங்க."

"ஒரு தடவ அழிச்சதே போதும் சார்."

"அப்படின்னா சர்டிபிகேட்ல நான் கையெழுத்துப் போட முடியாது. வேலையப் பத்தியும் பேச வேணாம்."

நிஷாந்த் கண்ணாலேயே வேண்டாம் என்றான். சென்னைக்கு அனுப்பும் பட்டனை அழுத்தினேன். அனுப்பிய பதிவை இங்கிருந்து திருத்த முடியாது. அவருக்கும் தெரியும்.

"திங்கக்கெழமை வர வேணாம்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் அழுகை வந்தது. கோபத்தில்தான். வேலை போனதற்கும் கொஞ்சம்.

மே 18, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். தோசைக் கரண்டியோடு பத்து நிமிடம் வசவு. அத்தை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது, அப்பா போன் பண்ணினால் என்ன சொல்வது. நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

மத்தியானம் முழுக்க யோசனை. மிச்ச அடுக்குகள். நாளைக்கு நிஷாந்த் கையில் ரப்பர்.

கடையில் 200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று.

மே 19, திங்கள்

முதல் பஸ். வாசகசாலை திறந்திருந்தது. அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வரக் கூடாதுன்னாகளாமே?"

"வேலைக்கி வரலக்கா. கடைசிப் பக்கத்துப் பேரெல்லாம் எழுதிக்கிட்டுப் போயிடுறேன். அவங்க அழிக்கறதுக்கு முந்தி."

அங்கிட்டு என்று துடைப்பத்தால் ஜன்னலோர பெஞ்சைக் காட்டினார்.

ஒன்பதரைக்கு சார் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கறுத்தது. "இவங்கள யாரு உள்ள விட்டது?"

"நான்தான்." அக்கா பெருக்குவதை நிறுத்தவில்லை. "வாசகசாலைக்கு ஆளு வந்தா விடுறதுதான எம் பொழப்பு. ஓரமா ஒக்காந்து படிக்குது. ஒங்களுக்கு என்ன செய்யிது?"

சார் உள்ளே போய் சென்னைக்குப் போன் போட்டார். நெடுநேரம் பேச்சுச் சத்தம். என்ன வரும் என்று தெரியவில்லை. நிஷாந்த் ரப்பரை எடுத்தான், என்னைப் பார்த்தான், மேஜைமேல் வைத்தான். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான்.

அக்காவுக்கு நன்றி சொல்லப் போனேன். "ஒனக்காக இல்ல" என்றார். பதினோரு மணிக்கு டீ வந்தது. சர்க்கரை இல்லை.

இதுவரை 46 புத்தகம், 211 பெயர். இப்போது கையில் இருப்பது தேனீ வளர்ப்பு. பதினேழு பேர் படித்து முடித்திருக்கிறார்கள். நாலாவது ஆள் கையெழுத்து புரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன்.