தூசிக்கு நான் போட்ட கழித்தல்

மார்ச் 4
கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். மீசை — அவனை அப்படித்தான் கூப்பிடுவேன் — நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். எதிர் மேசைக்காரன், ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. "அக்கா, இருபத்தொண்ணாம் தேதி நேர்காணல்ல இதைத்தான் காட்டப் போறேன்." நிரந்தர வேலைக்கு அவனுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

நாங்கள் கண்டது இவ்வளவுதான்: விண்மீனிலிருந்து வீசும் காற்றில் ஓடுகிற அலையை, அதில் மிதக்கும் மின்னேறிய தூசி பாதி வழியிலேயே விழுங்கிவிடும். கோட்பாடு அவனுடையது. கணினியில் ஓட்டிப் பார்த்தது நான்.

மார்ச் 9
தலைவலி.

மார்ச் 11
பிழை பார்க்கக் கட்டுரையின் அச்சுப்படி வந்தது. அட்டவணையில் கண் நின்றது. தூசியின் மின்னேற்றம்: கழித்தல் குறி.

ஏன் கழித்தல்? ஆய்வுக்கூடக் குடுவையில் தூசி எலக்ட்ரானைப் பொறுக்கிக்கொள்ளும். அங்கே கழித்தல் சரி. இது கொதிக்கிற விண்மீன். அதன் ஒளி தூசியிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடும். கூட்டல் வரணும்டி, கூட்டல்! குடுவைச் சோதனைக்கு எழுதின பழைய நிரலை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிச்சிருக்கேன். இதுக்கு இருபது வருஷ அனுபவம் ஒரு கேடு.

குறி மாறினால் காந்தப்புலத்தில் தூசி சுழலும் திசையும் மாறும். தன் திசையில் சுழலும் அலையைத்தான் அது விழுங்கும். எங்கள் அலையோ இப்போது அதற்கு எதிர்த்திசை.

மார்ச் 12
திருத்தி ஓட்டினேன். அலை சாகவில்லை. தூசியைச் சட்டையே செய்யாமல் போகிறது. மூன்று முறை ஓட்டினேன் — மூன்று முறையும் இதேதான்.

மார்ச் 14
இன்னும் சொல்லவில்லை. நேர்காணல் முடியட்டும், அப்புறம் திருத்தம் அனுப்பலாம் — யாருக்குத் தெரியப்போகுது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன்.

மதியம் அவன் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லேன்னா இது நடந்திருக்காதுக்கா." உடம்பெல்லாம் கூசியது.

மார்ச் 16
சொல்லிவிட்டேன். பழையது, திருத்தியது, இரண்டு வரைபடங்களையும் வெகுநேரம் பார்த்தான்.
"எப்பத் தெரியும்?"
"பதினொண்ணு."
"இன்னைக்குப் பதினாறு."
தப்பைவிட அந்த ஐந்து நாள்தான் அவனைச் சுட்டது.

மார்ச் 17
கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனான்.

மார்ச் 21
நேர்காணலில் அவனே முதலில் சொன்னானாம், கட்டுரை தப்பு என்று. நேர்மையைப் பாராட்டினார்களாம். வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பாராட்டு நாக்கு வழிக்கக்கூட ஆகாது.

மார்ச் 30
மேசையைக் காலி செய்துவிட்டான், நான் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஜூன் 2
பெண் குழந்தையாம். அடுத்த அறையில் பேசிக்கொண்டார்கள். என்கிட்ட ஏன் சொல்லணும்?

ஜூலை 19
காலையில் கைபேசியில் அவன் எண். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறானாம். நலம்கூட விசாரிக்கவில்லை. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அக்கா, குறியைத் திருத்தி ஓட்டினீங்களே, அந்த அலை கடைசியில எங்க போய் அடங்குது?"

"முழுசாப் பார்க்கலைடா. நீ போனப்புறம் அதைத் தொடவே இல்லை."

"தொடாம என்ன பண்ணிட்டிருந்தீங்க? இப்ப ஓட்டுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

நாற்பது நிமிடம் ஓடியது. அவன் வைக்கவில்லை. எண்கள் வந்தன, படிக்க ஆரம்பித்தேன், குரல் உடைந்துவிட்டது.

"அழுதுகிட்டே படிச்சா எனக்கு எப்படிப் புரியும்? நிதானமாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

முதல் எண்ணிலிருந்து மறுபடி படித்தேன்.